புத்தூர்க் கிணறும் ஒரு தேசாதிபதியும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் பெருந்தெரு, கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து புத்தூரை அடைகின்றது. செம்மண் தோட்டங்களும் பனங்கூடல்களும் சூழ்ந்த அவ்வூரின் அயலிலே, நவக்கிரி என்னும் பகுதியில், நிலாவரை என்ற பெயருடைய வற்றாத நீர்நிலை ஒன்று உண்டு. இராமபிரான் தம் படையினரின் தாகந் தீர்க்கும்பொருட்டு அம்பு எய்து தோற்றுவித்த ஊற்று இதுவென்று முன்னோர் கூறிவந்தனர். இதற்கு அடியில்லை என்றும், இதனுள் இட்ட பொருள் கீரிமலையிலே கடலோரத்தில் மிதந்து எழும் என்றும் ஊர்மக்கள் நம்பினர். ஆறில்லாத குடாநாட்டிலே, கோடையிலும் மாரியிலும் ஒரே நிலையில் நிற்கும் நீரைக் கண்ட மக்கள், அதனைத் தெய்வச் செயலாகப் போற்றியது வியப்பன்று.

இந்தக் கிணற்றின் ஆழத்தையும் அதன் நீரின் தன்மையையும் நூலில் எழுதி, ஐரோப்பிய அறிஞர் பலரும் அறியுமாறு செய்தவர் ஒரு தேசாதிபதி. சேர் ஜேம்ஸ் எமேர்சன் டெனன்ற் என்பது அவர் பெயர். தேசாதிபதி என்று அவரைச் சொல்வது ஒருவகையில் பொருந்தும், ஒருவகையில் பொருந்தாது. இலங்கையின் ஆட்சிப் பொறுப்பை அவர் பதில் தேசாதிபதியாக ஏற்றிருந்த காலம் ஆறு வாரத்துக்கும் குறைவு. பின்னர் வேறொரு தீவுக்குத் தேசாதிபதியாக நியமனம் பெற்றார். அங்கே அவர் காலடி வைக்கவேயில்லை. ஆயினும், இலங்கையை முழு உரிமையோடு பல ஆண்டுகள் ஆண்ட தேசாதிபதிகள் பலரது பெயர் மறைந்த பின்பும், இவரது பெயர் நிலைத்துள்ளது. அந்த வாழ்வின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அறிவோர்க்குப் புத்தூர்க் கிணறு புதியதொரு பொருளைத் தரும்.

ஜேம்ஸ் எமேர்சன் 1804ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 7ஆந் தேதி அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரிலே பிறந்தார். டப்ளின் நகரிலுள்ள திரினிற்றிக் கல்லூரியில் கற்றார். அக்காலத்தில் கிரேக்க மக்கள் துருக்கியரின் ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தனர். பைரன் போன்ற கவிஞரையே கிரேக்க மண்ணுக்கு இழுத்துச் சென்ற அந்த ஆர்வம் இளைஞரான எமேர்சனையும் பற்றியது. அவர் கிரேக்க நாட்டுக்குச் சென்றார். கண்டதையும் கேட்டதையும் நூலாக எழுதினார். கிரேக்க நாட்டின் பிற்கால வரலாறு பற்றிய அவரது நூல் 1830ஆம் ஆண்டு வெளிவந்தது. புதிய நாடொன்றிற் கால்வைத்தவுடன் அதன் மண்ணையும் மக்களையும் பழமையையும் உசாவி எழுதும் பழக்கம் அவரிடம் அப்போதே வேரூன்றிவிட்டது.

பெல்பாஸ்ற் நகரின் செல்வ வணிகராகிய வில்லியம் டெனன்ற் என்பவரின் மகளை மணந்த எமேர்சன், மாமனாரின் மறைவுக்குப் பின் அக்குடும்பப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1832ஆம் ஆண்டு, பாராளுமன்றச் சீர்திருத்தத்தின் பின் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலிலே பெல்பாஸ்ற் தொகுதியின் பிரதிநிதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். இடையிடையே தோல்வியும் கண்டார். எனினும் 1845 வரையில் அத்தொகுதியோடு அவருக்கிருந்த தொடர்பு அறவில்லை. தொடக்கத்தில் விக் கட்சியின் சீர்திருத்தக்காரரோடு நின்றவர், பின்பு சேர் றொபேட் பீல் தலைமை தாங்கிய கட்சியின் பக்கஞ் சேர்ந்தார். 1841இல் இந்திய விவகாரங்களைக் கவனித்த கட்டுப்பாட்டுச் சபையின் செயலாளரானார். நெசவுத் தொழிலாளரும் வணிகரும் உருவாக்கிய சித்திர வடிவங்களைப் பிறர் களவாடாதபடி காக்கும் சட்டம் 1842இல் நிறைவேறுவதற்கு அவர் பெரிதும் உழைத்தார். வரவு செலவு, வணிகம், தீர்வை ஆகியவற்றில் வல்லவர் என்ற மதிப்பு அவருக்கு உண்டாயிற்று.

அந்த மதிப்பே அவரை இலங்கைக்குக் கொண்டுவந்தது. 1845ஆம் ஆண்டு சேர் பட்டம் அளிக்கப்பெற்று, இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக நியமிக்கப்பட்டார். தேசாதிபதிக்கு அடுத்த நிலையில், அரசாங்கத்தின் எழுத்து வேலை முழுவதையும் நடத்தும் பதவி அது. ஆண்டின் இறுதியில் கொழும்பு வந்திறங்கியபோது, மலைநாட்டிலே கோப்பிப் பயிர் கொழித்துக்கொண்டிருந்தது. காடுகள் அழிக்கப்பட்டன, முடிக்குரிய நிலங்கள் விற்கப்பட்டன, தென்னிந்தியாவிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழ்த் தொழிலாளர் கடல் கடந்தும் காட்டு வழி நடந்தும் மலைத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தனர். ஆயின், அரசாங்கத்தின் வருவாயோ இந்தச் செழிப்புக்கு ஏற்ற அடித்தளம் உடையதாக இருக்கவில்லை. கறுவாவின் மீதும் ஏனைய விளைபொருள்களின் மீதும் ஏற்றுமதித் தீர்வை, உப்பு விற்பனையில் அரசாங்கத்தின் தனியுரிமை, உழவரின் நெல்வரி, இவற்றிலேயே திறைசேரி பெரிதும் தங்கியிருந்தது.

டெனன்ற் இந்நிலையை ஆராய்ந்து, இலங்கையின் நிதியும் வணிகமும் பற்றிய அறிக்கை ஒன்றை 1846இல் எழுதினார். கூர்மையான அறிக்கை அது. ஏற்றுமதித் தீர்வை ஒரு நாட்டின் உற்பத்தியை அதன் வேரிலேயே வெட்டுவது. ஆகையால் அதனை நீக்குதல் வேண்டும். அதனால் உண்டாகும் இழப்பை ஈடுசெய்ய நிலத்தின் மீது நேர்வரி விதித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். கணக்கைப் பார்த்தவர் எவரும் அவரைக் குறைகூற முடியாது. ஆனால் நிலவரி விதிப்பதற்கு நிலத்தை அளந்திருத்தல் வேண்டும். எது எவருக்கு உரியது என்பது தெளிந்திருத்தல் வேண்டும். மலைநாட்டுக் கிராமங்களிலே அப்படிப்பட்ட அளவையும் இருக்கவில்லை, தெளிவும் இருக்கவில்லை. வரி கொடுக்கவேண்டிய குடியானவன் என்ன நினைப்பான் என்பது அறிக்கையின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

1847ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் தேசாதிபதி சேர் கொலின் கம்பல் பதவியிலிருந்து நீங்கினார். புதிய தேசாதிபதி வரும் வரையில் ஆட்சிப் பொறுப்பு டெனன்ற் கைக்கு வந்தது. மே மாதம் 29ஆந் தேதி டொறிங்டன் பிரபு பதவியேற்றார். புதியவருக்கு அப்போது வயது 34; கீழைத்தேய ஆட்சியில் அனுபவம் எதுவும் இல்லாதவர். பாராளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் பழகிய டெனன்றோ அவரைவிட ஏழெட்டு ஆண்டு மூத்தவர். தலைவனுக்கு அனுபவம் குறைவாகவும் செயலாளருக்குப் புகழாசை மிகுதியாகவும் அமைந்த இந்தச் சேர்க்கை பின்னர் இருவருக்குமே தீமையாயிற்று.

அந்த ஆண்டிலேயே பிரித்தானியாவில் வணிக நெருக்கடி தோன்றியது. கோப்பியின் விலை சரிந்தது. கடன்பட்டுத் தோட்டம் திறந்தவர் பலர் முறிந்தனர். திறைசேரியில் பற்றாக்குறை ஏற்பட்டது. ஏற்றுமதித் தீர்வையைக் குறைத்தாயிற்று, நிலவரியோ வரவில்லை. இடையிலே தோன்றிய பள்ளத்தை நிரப்ப, 1848இல் சில்லறை வரிகள் பல ஒருங்கே விதிக்கப்பட்டன. துப்பாக்கி வைத்திருப்போர் ஆண்டுக்கு 2 சிலிங் 6 பென்சு செலுத்தி அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும். நாய் வளர்ப்போர் ஒரு நாய்க்கு 1 சிலிங் கொடுக்கவேண்டும். கடை வைத்திருப்போர்க்கு வேறு கட்டணம். வயதுவந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டில் 6 நாள் தெரு வேலை செய்யவேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணஞ் செலுத்தவேண்டும் என்று தெருச் சட்டம் கூறியது. உலகப் பற்றைத் துறந்த பௌத்த பிக்குமாருக்கும் அச்சட்டம் விலக்களிக்கவில்லை. 1830களின் தொடக்கத்திலேதான் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டிருந்தது. பதினைந்து ஆண்டு கழிந்ததும் அதுவே வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டதென மக்கள் எண்ணினர்.

தாளிலே கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் சிறிய தொகை. ஆனால், பயிரைப் பன்றியும் யானையும் அழிக்கும் காட்டோரக் கிராமத்திலே துப்பாக்கியும் நாயும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. உழவனின் வேலிகள் அவை. அந்த வேலிக்கே வரி என்றதும், முன்னரே காட்டு நிலங்களை இழந்து மனம் புழுங்கியிருந்த மக்கள் கொதித்தெழுந்தனர். 1848 யூலை மாதம் 6ஆந் தேதி கண்டிக் கச்சேரியின் முன் பெருங் கூட்டம் திரண்டது. டெனன்ற் கண்டிக்கு விரைந்தார். தலைமைக்காரரை அழைத்து வரிகளின் நியாயத்தை விளக்கினார். அவருடைய சொல் வன்மை பாராளுமன்றத்திலே பயன்பட்டது, கண்டியிலே பயன்படவில்லை. அந்த மாத இறுதியில் கொங்காலகொட பண்டா தம்புள்ளையிலே முடிசூடிக்கொண்டார். மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் மூண்டது. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு ஓகஸ்ற் 8ஆந் தேதி கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். பிக்கு ஒருவர் காவியுடையோடே சுடப்பட்டார். கலகம் சில நாட்களிலே அடங்கிவிட்டது; இராணுவச் சட்டமோ ஒக்டோபர் மாதம் வரையில் நீடித்தது.

இந்தக் கடுமைக்கு எதிராக இலங்கையிலும் இலண்டனிலும் குரல்கள் எழுந்தன. கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையின் ஆசிரியராகிய டாக்டர் கிறிஸ்தோபர் எலியற் வரிகளைக் கண்டித்து எழுதினார். பிரித்தானியப் பாராளுமன்றத்திலே ஜோசப் ஹியூம் முதலியோர் வினாத் தொடுத்தனர். 1849இல் விசாரணைக் குழு அமைந்தது. டெனன்ற் சாட்சி கூற நேர்ந்தது. தேசாதிபதிக்கும் மூத்த உத்தியோகத்தருக்கும் இடையே மறைந்து கிடந்த பிணக்குகள், அந்தரங்கக் கடிதங்கள் வெளிப்பட்டதனால் அம்பலமாயின. 1850இல் டொறிங்டன் பிரபு பதவியிழந்தார். டெனன்றும் இலங்கைச் செயலாளர் பதவியை இழந்தார். நாய்வரியும் கடைவரியும் கைவிடப்பட்டன. பிக்குமார் தெரு வேலையிலிருந்து விலக்கப்பட்டனர். ஏனையோர்மீது தெருவரி நிலைத்தது.

அடுத்து அவருக்கு அளிக்கப்பட்டது சென் எலேனாத் தீவின் தேசாதிபதிப் பதவி. நெப்போலியன் சிறையிருந்து மாண்ட அத்திலாந்திக் தீவு அது. பதவியின் பெயர் பெரிது. இடமோ உலகத்தின் ஒதுக்குப்புறம். டெனன்ற் அங்கே செல்லவில்லை. 1852இல் மீண்டும் பாராளுமன்றம் புகுந்து, அவ்வாண்டிலேயே வணிகச் சபையின் நிரந்தரச் செயலாளர்களுள் ஒருவரானார். மேசையும் கோப்புகளும் நிறைந்த அந்த அலுவலகத்திலே பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர் காலம் கழிந்தது. தேசாதிபதியாக நாடாளும் கனவு அத்தோடு முடிவுற்றது.

அரசியலிலே தோற்றவர் எழுத்திலே வென்றார். இலங்கையில் இருந்த காலத்திற் சேர்த்த குறிப்புகளையும், அதன்பின் பல அறிஞரிடம் கேட்டறிந்த செய்திகளையும் தொகுத்து, இலங்கை என்னும் பெயரில் இரண்டு பெரிய பாகங்களாக 1859இல் வெளியிட்டார். மண், மரம், விலங்கு, பறவை, பழைய வரலாறு, ஊர்கள், தொழில்கள் அனைத்தும் அதிலே அடங்கின. 1860ஆம் ஆண்டுக்குள் ஐந்து பதிப்புகள் வெளியாயின. கிரேக்கர் முதல் அராபியர் வரை இத்தீவைப்பற்றி எழுதிய அயலவரின் குறிப்புகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டிய பெருமையும் அந்நூலுக்கு உண்டு. புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1865இல் தாம் நிறைவுசெய்த பெருங்கதை ஒன்றை இவருக்கே உரிமையாக்கினார். இலக்கிய உலகிலே டெனன்ற் பெற்றிருந்த மதிப்பு அத்தகையது.

அந்நூலில் யாழ்ப்பாணத்துக்குக் கிடைத்த இடம் பெரிது. பனையைப் பற்றி அவர் விரிவாக எழுதினார். அம்மரத்துக்கு 801 பயன்கள் உண்டெனத் தாலவிலாசம் என்னும் தமிழ் நூல் கூறுவதையும் எடுத்துக் காட்டினார். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனின் உழைப்பு அவரைக் கவர்ந்தது. துலாவின் மீது மனிதர் முன்னும் பின்னுமாக நடக்க, கீழே ஒருவர் பட்டையைக் கவிழ்த்து வாய்க்காலில் நீர் பாய்ச்ச, சிறு சிறு பாத்திகளிலே புகையிலையும் காய்கறியும் செழிக்கும் காட்சியை அவர் தீட்டியிருக்கின்றார். ஆறும் மலையும் இல்லாத பூமியிலே, கிணற்றையே ஆறாகக் கொண்டு வாழ்ந்த ஒரு சமுதாயத்தை அவர் கண்டார், மதித்தார்.

இந்த இடத்திலேதான் புத்தூர் வருகின்றது. பருத்தித்துறைத் தெருவிலே புத்தூரில் ஒரு கிணறு உண்டு. சுற்றுப்புற நிலம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 15 அடி உயரத்திலே உள்ளது. கிணற்றின் ஆழமோ 140 அடிக்கு மேற்பட்டது. மேலே நன்னீர், கீழே செல்லச் செல்ல உவர், அடியிலே கடும் உப்பு என்று அவர் எழுதினார். நிலத்தடி வழியாக அது கடலோடு தொடர்புடையது என்றும், அவ்வழி காங்கேசன்துறைக்கு அருகே கரையில் வெளிப்படுகின்றது என்றும் ஊர்மக்கள் அனைவரும் நம்பியதையும் ஏளனமின்றிப் பதிவுசெய்தார். தெல்லிப்பழையிலே கிணறு வெட்டியோர், 14 அடி ஆழத்தில் பாறை உடைந்து, அதன்கீழ் நீர் நிறைந்த குகையைக் கண்ட செய்தியையும் கூறினார். மற்றொரு செய்தி அனைத்திலும் முக்கியமானது. சுற்றியுள்ள நிலங்களுக்கு நீர் பாய்ச்சும் நோக்கத்துடன் புத்தூர்க் கிணற்றிலே நீராவி இயந்திரம் ஒன்று பொருத்தப்பட்டதாம். அது இறைத்தும், குறிப்பிடத்தக்க அளவில் நீர்மட்டம் தாழவில்லை.

இறைத்தும் குறையாத நீர் எங்கிருந்து வருகின்றது? டெனன்ற் இதற்கு விடை காண முயன்றார். அவருக்கு முன்பே சார்ல்ஸ் டார்வின் இதே வினாவை எழுப்பியிருந்தார். 1836இல் இந்து சமுத்திரத்தின் கீலிங் தீவுகளைக் கண்ட டார்வின், அங்குள்ள பவளப்பாறைக் கிணறுகளில் நன்னீர் இருப்பதையும், அது வற்றுப்பெருக்குக்கு ஏற்ப ஏறி இறங்குவதையும் கவனித்தார். மழைநீர் மண்ணிலே ஊறி, தன்னிலும் கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது என்பது அவர் கருத்து. டெனன்றுக்கு இது போதிய விளக்கமாகத் தோன்றவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளிலும் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சில நிலை குறையாமல் நிற்பதை அவர் எடுத்துக்காட்டினார். கடல்நீரே பாறையூடாகக் கசிந்து வரும்போது உப்பை இழந்து நன்னீராகின்றது. ஆகவே அதன் ஊற்று முடிவில்லாதது என்பது அவர் கொண்ட முடிவு.

அளவு சரி; முடிவு பிழை. டார்வின் கொண்ட கருத்தே உண்மையென்று பிற்கால ஆராய்ச்சி நிறுவியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபன், ஏட்சுபேர்க் என்னும் இருவர் தனித்தனியே இதன் கணக்கை வகுத்தனர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் தங்கும். அதற்கும் கீழே உவர்நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் உள்ளது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் வடகீழ்ப் பருவமழை இறங்கிச் சேர்கின்றது. குகையின் கூரை சில இடங்களில் இடிந்து விழ, நிலாவரை போன்ற ஆழ்கிணறுகள் இயற்கையாகவே தோன்றின. கடலிலிருந்து பாறையூடாக உப்பு வடிந்து நன்னீர் பிறப்பதில்லை. குடாநாட்டு மக்கள் குடிக்கும் நீர் முழுவதும் மாரியின் கொடை.

அப்படியாயின், நீராவி இயந்திரம் இறைத்தும் மட்டம் தாழாத காரணம் என்ன? வெடிப்பும் குகையும் நிறைந்த பாறையிலே, இறைத்த இடத்தை நிரப்ப நாற்புறமிருந்தும் நீர் விரைந்து பாய்கின்றது. மேலேயுள்ள நன்னீர் குறையக் குறைய, கீழேயுள்ள உவர்நீர் மேலெழுந்து அந்த வெற்றிடத்தையும் நிரப்புகின்றது. ஆதலால் மட்டம் குறையாதிருத்தல் வேறு. நன்னீர் குறையாதிருத்தல் வேறு. மேலே 1 அடி நன்னீர் இழந்தால், கீழே 40 அடி நன்னீரை இழக்க நேரிடும் என்ற கணக்கைத் தெரிந்தவன், கண்ணுக்குத் தெரியும் மட்டத்தை மட்டும் பார்த்து மனம் ஆறமாட்டான்.

டெனன்றின் அரசியலையும் அவரது கிணற்று ஆராய்ச்சியையும் அருகருகே வைத்து நோக்கினால், ஒரே மனிதரின் ஒரே இயல்பு இரண்டிலும் புலப்படும். அளப்பதிலே அவர் நிகரற்றவர். திறைசேரியின் வரவையும் அளந்தார். கிணற்றின் ஆழத்தையும் அளந்தார். ஆனால் வரவும் நீரும் எங்கே பிறக்கின்றன என்ற வினாவிலே, ஊற்று வற்றாது என்று நம்பிவிட்டார். குடிகளின் பொறுமையிலிருந்தும் அவர்களது சிறு மிச்சத்திலிருந்தும் வருவதே வரி. ஆண்டுதோறும் பெய்யும் மழையிலிருந்து வருவதே கிணற்று நீர். இரண்டையும் எல்லையில்லாமல் இறைக்கலாம் என்று கொண்டால், சிலகாலம் மட்டம் தாழாமலே இருக்கும். பின்னர் உவர் மேலே வரும். 1848இல் கண்டியிலே மேலெழுந்தது அதுவே.

வரலாற்றை எழுதும்போதும் இத்தகைய குறை ஒன்று அவரிடம் காணப்பட்டது. இலங்கையின் பழைய வரலாற்றுக்கு அவர் பெரிதும் நம்பியது, ஜோர்ஜ் ரேணர் 1837இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மகாவம்சத்தை. அதன் வழிநின்று, தமிழரை மலபாரிகள் என்று பெயரிட்டு, பெரும்பாலும் படையெடுத்து வந்த அழிவுக்காரராகவே சித்திரித்தார். தாம் நேரிற் கண்டு போற்றிய யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனும், ஏட்டிலே படித்த படையெடுப்பாளனும் ஒரே மக்கட் கூட்டத்தினர் என்பதை அவர் இணைத்துப் பார்க்கவில்லை. தமிழர் தம்மைப்பற்றித் தாமே எழுதிவைத்தவற்றுட் பல அக்காலத்தில் அச்சேறாமல் ஓலைச்சுவடிகளிலே செல்லரித்துக் கிடந்தன என்பதையும் நினைத்தல் வேண்டும்.

அந்தக் குறையைத் தீர்ப்பதற்கு உரியவர் புத்தூருக்கு மிக அண்மையிலேயே பிறந்திருந்தார். அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியை டெனன்ற் மிகவும் புகழ்ந்து எழுதினார். ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு அதனை ஒப்பிடலாம் என்பது அவரது மதிப்பீடு. அவர் இலங்கையில் இருந்த அந்த ஆண்டுகளிலே அச்செமினரியில் கற்றுக்கொண்டிருந்த மாணவருள் ஒருவர், 1832இல் புத்தூரின் அயலூராகிய சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் பின்னாளிலே தமிழகம் சென்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய், தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் சுவடிகளிலிருந்து மீட்டு அச்சிட்டார். புத்தூர்க் கிணற்றின் ஆழத்தை அயலவர் நூலிலே பதித்தார். தமிழின் ஆழத்தைத் தமிழருக்கே காட்டும் பணியைச் சிறுப்பிட்டியின் மைந்தர் செய்தார்.

டெனன்ற் 1867இல் வணிகச் சபையின் பணியிலிருந்து ஓய்வுபெற்று, பரோனெற் என்னும் பரம்பரைப் பட்டம் பெற்றார். காட்டு யானைகளைப் பற்றிய அவரது நூலும் அவ்வாண்டில் வெளிவந்தது. 1869ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆந் தேதி இலண்டனிலே காலமானார். இலங்கையை ஆண்டவர் என்ற முறையில் அவரை நினைப்போர் இன்று சிலர். 1848இன் துயரத்தில் அவருக்கிருந்த பங்கை நினைப்போரும் சிலர். அவரது நூலைத் திறப்போர் மிகப் பலர். பிழையான முடிவுகள் இருப்பினும், கண்டதைக் கண்டவாறே அவர் எழுதிவைத்தமையால், பின்வந்தோர் அந்தப் பிழையையே திருத்திக்கொள்ள முடிந்தது. அதுவே அவருக்குச் செலுத்தக்கூடிய நேர்மையான பாராட்டு.

புத்தூரைச் சூழ்ந்த தோட்டங்களிலே துலாவும் பட்டையும் மறைந்து, எண்ணெய் இயந்திரமும் மின்சார இயந்திரமும் இறைக்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. துலா மிதித்தவனுக்கு உடல் களைத்ததும் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வே கிணற்றுக்கும் ஓய்வாயிற்று. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. குடாநாட்டின் கரையோரங்களிலே பல கிணறுகள் உவரேறியுள்ளன. தோட்டங்களில் இடும் செயற்கைப் பசளையின் நைத்திரேற்று நிலத்தடி நீரிலே கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கிய ஊர்க் குளங்களும் கேணிகளும் பல தூர்ந்துள்ளன. நிலாவரையின் நீர்மட்டமோ தாழாமலே நிற்கின்றது. அதனருகே நின்று பார்ப்பவருக்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது.

முன்னோர் அக்கிணற்றுக்கு அடியில்லை என்றனர். டெனன்ற் அடியை அளந்து காட்டினார். டெனன்ற் அதன் நீருக்கு முடிவில்லை என்றார். பின்வந்த அறிஞர் அதற்கும் ஓர் அளவு உண்டு என்று காட்டினர். அந்த அளவைத் தீர்மானிப்பது ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்யும் மாரி மழையும், அதனைக் கடலுக்கு ஓடவிடாமல் குளத்திலும் தோட்டத்திலும் மறித்து மண்ணுக்குள் இறக்கும் மனிதரின் கைகளுமே. புத்தூரின் குளங்களைத் தூர்வாருவோர், நிலாவரையின் ஊற்றைக் காப்போராவர்.